எண்பத்தேழு

எல் ஆல்ட்டோவில் ஆகஸ்ட் மாதத்துக் காலை எட்டு மணி.
ஜன்னலில் ஒரு கண்ணாடி இல்லை, அட்டை ஒட்டியிருக்கிறோம்.
மூன்று ஸ்பிரிட் விளக்குகள், மூன்று குடுவைகள்,
முப்பத்தொரு பிள்ளைகள்.
விளக்கைச் சுற்றிக் கூடியது குளிர்காய,
பரிசோதனைக்கு அல்ல.

நீர் கொதித்தது.
"வெப்பமானியைப் பார்த்து எழுதுங்கள்" என்றேன்.
முப்பது நோட்டுகளில் நூறு.
பாடப்புத்தகம் நூறு என்கிறது, நாற்பத்தோராம் பக்கம்,
தடித்த எழுத்தில், நீலக் கட்டத்துக்குள்.

ஒரு நோட்டில் மட்டும் எண்பத்தேழு.
சத்துர்னினா கல்யிசாயா, சுவரோர பெஞ்ச்.
எழுதி, அடித்து, மேலே நூறு என்று எழுதி,
அதையும் அடித்து, மறுபடி எண்பத்தேழு.
அந்த இடத்தில் தாள் பொத்துப் போயிருந்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா?
சிவப்பு மையால் சுழித்தேன்.
'அடித்தல் திருத்தல் கூடாது' என்று ஓரத்தில் எழுதினேன்.
மற்ற முப்பதுக்கும் 'சரி' விழுந்தது.
என் கை பார்க்காமலே போட்டது.

பார்க்காமல்.
எத்தனை பேரை இந்தச் சொல்லால் மெச்சியிருக்கிறேன்!
'எல்லாம் பார்க்காமல் சொல்கிறான், கெட்டிக்காரன்.'

இரவு அறையில் பிரஷர் குக்கர் சீறிக்கொண்டிருந்தது.
இந்த ஊரில் குக்கர் இல்லாவிட்டால்
மொச்சை மறுநாள்வரை கல்லாகவே கிடக்கும்.
நாலாயிரம் மீட்டர் உயரம்; காற்று லேசு;
நீருக்கு அவசரம், சீக்கிரமே கொதித்துவிடும்.
இதை எழுதித்தான் நான் பட்டம் வாங்கினேன்.
தெரிந்த சங்கதியும் திருத்துகிற கையும்
ஒரே உடம்பில் வெவ்வேறு வீடுகளில்
வாடகைக்கு இருந்திருக்கின்றன,
முகம் பார்த்துக்கொள்ளாமல்.

குக்கரை நிறுத்தினேன். நோட்டை எடுத்தேன்.
சிவப்பு மை அழியவில்லை.

மறுநாள் வகுப்பில் சொன்னேன்: தப்பு என்னுடையது.
ஒரு கணம் யாரும் சிரிக்கவில்லை.
பிறகு எல்லோரும் சிரித்தார்கள், நானும்.
புத்தகம் கடல்மட்டத்துக்கு எழுதியது,
நாம் மேகத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் என்றேன்.
கரும்பலகையில் பெரிதாக எண்பத்தேழு.
நல்ல வேலை செய்துவிட்டதாக
வீட்டுக்கு நடக்கையில் விசில்கூட அடித்தேன்.

அடுத்த வாரம் அமைச்சகத்திலிருந்து புதுப் பெட்டி வந்தது.
புது வெப்பமானிகள். அதே நீர், அதே விளக்குகள்.
முப்பது நோட்டுகளில் எண்பத்தேழு.
சத்துர்னினாவின் நோட்டிலும்.
குனிந்து பார்த்தேன்:
முதல் குடுவையில் எழுபத்தொன்பது,
இரண்டாவதில் எண்பத்து நான்கு.
மூன்றாவது ஒன்றுதான் எண்பத்தேழு.

நீலக் கட்டத்தை அழித்த இடத்தில்
என் சாக்பீஸ் கட்டம்.

எவுசேபியோ தார்கி மட்டும் எதுவும் எழுதவில்லை.
இரவில் மினிபஸ் படியில் தொங்கி ஊர்ப்பேர் கூவுகிறவன்,
பகலில் என் வகுப்பில் தூங்குகிறவன்.
தூங்கியதால்தான் எழுதவில்லை என்று நினைத்தேன்.
அவனோ எழுந்துபோய் மூன்று வெப்பமானிகளையும்
ஒரே குடுவையில் குத்தி நிறுத்தினான்.

"எங்க வண்டியில பெட்ரோல் முள்ளு
எப்பவும் பாதியிலயே நிக்கும் சார்.
அதை நம்பினா நடுவழியில தள்ளணும்.
நாங்க டேங்குல குச்சி விட்டுப் பார்ப்போம்."

ஒரே நீரில் மூன்று எண்கள்.
எது பொய்?
எண்பத்தேழுதான் மெய் என்றது முன்வரிசை.
"ஏன்?" என்றாள் சத்துர்னினா,
தன் எண்ணையே சந்தேகித்து.
"போன வாரம் சார் சொன்னாரு."
"போன வாரத்துக்கு முந்தி சார் நூறுன்னாரு."

என் காது சுட்டது. எத்தனை டிகிரியோ.

அப்புறம் யார் சொன்னது என்று நினைவில்லை,
உருகும் பனிக்கட்டிக்கு எந்த உயரத்திலும் சுழியம்தானே,
அதில் வைத்துப் பார்க்கலாமே என்று.
மைதானத்துக் குட்டையில் விடியற்காலை ஐஸ்
இன்னும் மிச்சமிருந்தது.
மணி அடித்தது. வரலாற்று ஆசிரியை வாசலில் நின்றார்.
அவரை இடித்துக்கொண்டு முப்பத்தொரு பேரும் ஓடினார்கள்,
செருப்புக் கழன்றவனும்.

மேசைமேல் தினப் படிவம்.
'பாடத்தின் நோக்கம் நிறைவேறியதா?'
ஆம் என்று ஒரு கட்டம். இல்லை என்று ஒன்று.
பேனாவை மூடி வைத்துவிட்டு
ஜன்னல் அட்டையைக் கொஞ்சம் பிய்த்து
வெளியே பார்த்தேன்.